தூங்காத டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு 'ஸ்டாச்சூ' வைத்தியம்!

மெஷின்ஸ் லேபில் ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கத்துக்கு சப்ளை கொடுப்போம். இன்னொரு பக்கத்தில் ஒரு பல்புகூட கிடையாது. ஆனாலும் வாட்மீட்டர் முள் மெள்ள நகரும். ரீடிங்கை 'அயர்ன் லாஸ்' என்று ரெக்கார்டில் எழுதி, சைன் வாங்கிட்டு எஸ்கேப் ஆகிடுவோம்!

கொஞ்சம் யோசிங்க பாஸ்! உங்க தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலும் இதே கதைதான். ஊரே தூங்கினாலும் அது கரன்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும். இந்தத் தண்டச் செலவைக் குறைக்க வந்த கில்லாடிதான் அமார்ஃபஸ் அலாய். செல்லப் பெயர், 'உலோகக் கண்ணாடி'.

சின்ன வயசுல 'ஸ்டாச்சூ' விளையாடியிருப்பீங்களே? உருகிய உலோகத்தில் அணுக்கள், இன்டர்வெல் நேரத்து கேன்டீன் கூட்டம் மாதிரி தாறுமாறாக அலையும். ஆறும்போது, பிரேயருக்கு நிற்பது போல வரிசை கட்டிடும். அதுதான் படிகம். வரிசை கட்டுறதுக்குள்ளே 'ஸ்டாச்சூ' சொல்லிட்டா? 1960-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் போல் டூவெஸ் டீம், தங்கம்-சிலிக்கான் கலவையில் அதைத்தான் செய்தது. நொடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைக்க, கேன்டீன் கூட்டம் அப்படியே உறைந்தது!

டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பு, போரான், சிலிக்கான் கலவை. உருக்கி, வேகமாகச் சுற்றும் குளிர்ந்த சக்கரத்தின் மேல் பீய்ச்சினால், சுமார் 25 மைக்ரான் தடிமனில் ரிப்பனாக வரும்.

இதில் என்ன லாபம்? அயர்ன் லாஸுக்கு ரெண்டு வில்லன்கள். முதல் ஆள், ஹிஸ்டெரிசிஸ். நம்ம 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. கரன்ட், கோரின் காந்தத் திசையை நொடிக்கு 100 தடவை திருப்பும். சாதாரண ஸ்டீலில் படிக எல்லைகள் ஸ்பீடு பிரேக்கர் மாதிரி குறுக்கே நிற்கும். இங்கே படிகமும் இல்லை, பிரேக்கரும் இல்லை. சொன்னதும் திரும்பிடும்!

அடுத்த ஆள், கோருக்குள்ளேயே வெட்டியாகச் சுற்றும் எடி கரன்ட். ஒழுங்கில்லாத கூட்டத்துக்குள் எலெக்ட்ரான் மோதி மோதித் திணறுவதால், மின்தடை சிலிக்கான் ஸ்டீலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ரிப்பனும் ஸ்டீல் தகட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். எடி கரன்ட் கப்சிப்! மொத்தத்தில், லோடு இல்லாதபோது ஆகும் நஷ்டம் 70 சதவிகிதம் வரை குறையும்.

'அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இதைப் போடலை?' நியாயமான கேள்விதான். சிலிக்கான் ஸ்டீல் சுமார் 2 டெஸ்லா வரை காந்தம் தாங்கும். இது 1.56-லேயே கை தூக்கிடும். அதனால் கோர் பெரிசாகும், வெயிட் ஏறும், விலையும் எகிறும். காந்த குணத்தை மெருகேற்ற சூடாக்கிப் பதப்படுத்தினால், ரிப்பன் அப்பளம் மாதிரி நொறுங்கும் ரகம். ஹம்மிங் சத்தமும் கொஞ்சம் தூக்கல்தான்.

ஆனால், வாங்குற அன்னிக்கு விலையை மட்டும் பார்த்தா போதுமா? வெறும் 100 வாட் நஷ்டம்னு வெச்சுக்கிட்டாலே, வருஷத்துக்கு 876 யூனிட் காலி!

அடுத்த தடவை லேபில் அந்த ரீடிங்கை 8,760 மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்க. அப்புறம் சைன் வாங்குங்க!