‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி’: சந்தேகங்களும் விளக்கங்களும்

கல்லூரி பேனர்களில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம் இது. காஞ்சிபுரத்தில் பிள்ளையை மெஷின் லேர்னிங் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோருக்கு எழக்கூடிய சில சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தரும் விருதா இது?

விருதே அல்ல. அங்குள்ள பேராசிரியர் ஜான் அயோனிடிஸின் குழு, எல்செவியர் பதிப்பகத்தின் ஸ்கோபஸ் தரவை வைத்து 2019 முதல் வெளியிடும் கணக்கு. ஒருவரது கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், அவற்றில் அவர் பெயர் முதலில் வந்ததா, கடைசியிலா என ஆறு அளவுகளைச் சேர்த்துப் போடுகிறார்கள். கட்டுரையை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. பட்டுச் சேலையின் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கருவி சொல்லும். கரையை உடலோடு இணைக்கும் கோர்வை சுத்தமா என்று அது சொல்லாதே! வாழ்நாள் பட்டியல், ஓராண்டுப் பட்டியல் என இரண்டு உண்டு. பேனரில் சொல்வது எது என்று கேளுங்கள்.

எச்-இண்டெக்ஸ் 20 என்றால்?

குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் சொன்ன வழி. சாட்ஜிபிடிக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையை 2017இல் அஷிஷ் வஸ்வானி உள்ளிட்ட எட்டுப் பேர் எழுதினார்கள். கூகுள் ஸ்காலரில் அதன் மேற்கோள்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனாலும் எச்-இண்டெக்ஸில் அது ஒரே ஒரு கட்டுரைதான்.

கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோபஸில் வேறு எண். எது சரி?

இரண்டுமே சரி. ஸ்கோபஸ், தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் எண்ணும். கூகுள் வலையில் கிடைப்பதையெல்லாம் அள்ளும். மெஷின் லேர்னிங்கில் பாதி விவாதம் ஆர்க்கைவ் தளத்தில், இதழில் அச்சாகும் முன்பே நடந்துவிடுவதால் இடைவெளி பெரிது.

நம்மூர்ப் பெயர்களால் குழப்பம் வருமா?

நிறையவே வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு கட்டுரையில் ‘எஸ். குமார்’, அடுத்ததில் அப்பா பெயரை விரித்து ‘குமார் சுப்பிரமணியன்’ என்று போட்டால், கணினி இரண்டு ஆளாக எண்ணும். மறுபுறம், ஒன்பது குமார்கள் ஒரே கணக்கில் போய் விழுவார்கள்; மேற்கோள் மழைதான்! ஊர்ப் பெயரும் சும்மா விடாது. காஞ்சிபுரம் டிரிபிள்-ஐடிடிஎம் என்ற உயர்கல்வி நிறுவனம் இருப்பது மேலக்கோட்டையூரில். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது அது செங்கல்பட்டுக்குப் போனது. பெயரில் மட்டும் காஞ்சிபுரம். அதையும் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஆய்வாளருக்கு மருந்து, 2012இல் வந்த ஆர்க்கிட் என்ற அடையாள எண்: 16 இலக்கம், இலவசம்.

தன்னையே மேற்கோள் காட்டி எண்ணிக்கையை ஏற்றலாமா?

ஏற்றலாம், ஏற்றுகிறார்கள். ஆனால் சுயமேற்கோளைக் கழித்த தரவரிசையும் ஸ்டான்ஃபோர்டு பட்டியலிலேயே இருக்கிறது. ஒருவரின் இடம் அதில் சடாரென இறங்கினால் காரணம் கேட்கலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாமா?

எனக்கு உடன்பாடில்லை. பேனரில் உள்ள பேராசிரியர் பி.டெக். வகுப்புக்கு வருகிறாரா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள்.