பணம் அனுப்புகிறோம், மாத்திரை ஏன் மிஞ்சுகிறது?

வெள்ளிமலை, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் முதியவர்கள் பலரின் பிள்ளைகள் கேரளத்திலோ திருப்பூரிலோ உழைத்துத் தவறாமல் பணம் அனுப்புகின்றனர். அரசின் முதியோர் உதவித்தொகையும் 2023 முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்துள்ளது. ஆயினும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் பாதி மிஞ்சிவிடுகின்றன. குடும்பத்தார் இதைப் பிடிவாதம் என்கின்றனர். வயதுக்கேற்ப மாறும் மூளையின் இயல்புக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

மூளையின் ஆழத்தில், பரிசை எதிர்நோக்கும்போது தூண்டப்படும் சிறு பகுதி ஒன்று உண்டு. அங்கு முதன்மையாகச் செயல்படும் வேதிப்பொருள் டோபமின். வயது ஏற ஏற அதன் ஏற்பிகள் படிப்படியாகக் குறைகின்றன. 2014இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், ஸ்கேன் கருவிக்குள் இருந்தவாறே இளையோரும் முதியோரும் ஓர் எளிய விளையாட்டில் ஈடுபட்டனர். வென்றால் சில சுற்றுகளில் பணம். சில சுற்றுகளில் சிரித்த முகத்தின் படம். இளையோருக்கு அப்பகுதி பணத்தை எதிர்நோக்கியபோது கூடுதலாகத் தூண்டப்பட்டது. முதியோருக்கோ சிரித்த முகத்தை எதிர்நோக்கியபோது. எஞ்சிய காலம் குறைவு என்று உணரும் மனம் நெருங்கிய உறவுகளையே நாடும் என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் லாரா கார்ஸ்டென்சனின் கருத்து.

இதனால் முதியவருக்குப் பணம் வேண்டாம் என்று பொருளில்லை. வறுமையில் வாழ்பவருக்கு அதன் தேவை எந்த வயதிலும் குறையாது. பணம் மாத்திரையை வாங்கித் தரும். அதை விழுங்கத் தூண்டுவது பெரும்பாலும் மனிதரின் அக்கறையே.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

மாதம் ஒருமுறை நெடுநேரம் பேசுவதைவிட, மாத்திரை வேளையில் நாள்தோறும் இரண்டு நிமிடம் பேசுங்கள். “மாத்திரை போட்டாச்சா அம்மா?” என்ற கேள்வியோடு, “போன முறையைவிடச் சர்க்கரை குறைந்திருக்கிறதே!” என்ற பாராட்டும் இருக்கட்டும். அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பைப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வந்தால், அவசரப்படாமல் உட்கார்ந்து பேசச் செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியவை

பண இழப்பை எதிர்நோக்கும்போது எழும் பதற்றமும் முதுமையில் குறைவதாக 2007இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அன்பாகப் பேசிப் பணம் பறிக்கும் செல்பேசி மோசடியில் முதியவர்கள் சிக்க இதுவும் ஒரு காரணமாகலாம். பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலராத நிலை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு, பார்க்கின்சன் நோய், மறதிநோய் ஆகியவற்றின் தொடக்கமாக இருக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான சில மாத்திரைகள் சூதாட்டத்திலும் வீண்செலவிலும் கட்டுக்கடங்காத நாட்டத்தை ஏற்படுத்தக்கூடும்; அத்தகைய மாற்றம் தெரிந்தால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு முதியவரைத் தனியே அனுப்ப வேண்டாம். உடன் வர இயலாத பிள்ளைகள் அந்நேரத்தில் செல்பேசியிலாவது எங்களுடன் பேசுங்கள்.