இரண்டு கழுத்து, ஒரு நுகத்தடி

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயது மகன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டான்.

"அம்மா, இதப் பாருங்க! ரெண்டு மட்டக்குதிரை, என்ன அழகா ஜோடி போட்டு வண்டி இழுக்குது!"

எட்டிப் பார்த்தேன். ஏதோ வெளிநாடு. என் இடுப்புக்குச் சற்று மேலே வரும் இரண்டு குட்டிக் குதிரைகள், பிடரி மயிர் கண்ணை மறைக்க, நாலு சக்கர வண்டி ஒன்றை இழுத்துப் போகின்றன. இரண்டுக்கும் எட்டுக் கால்; ஆனால் நடை ஒன்றுதான்.

"நம்ம ஊர்ல இப்படிக் கிடையாதாம்மா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து என்னவர் குரல் வந்தது: "உங்கம்மாகிட்டயே கேளு. ஜோடி மாடு பழக்கற வீட்டுல பொறந்தவ. என்னையே பழக்கிட்டாளே!"

சிரித்துக்கொண்டே, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெரியவளைக் கூப்பிட்டேன். "அம்மணி, தம்பிக்குக் கொஞ்சம் சட்னி எடுத்துப் போடு சாமி." அவளும் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து சட்னி போட்டாள். இது ஒரு சின்ன விஷயம். ஆனாலும் வாசகியர் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருகிறேன்.

நம் ஊர் ஜோடி

நம் பக்கத்தில் ஜட்கா வண்டிக்கு ஒற்றைக் குதிரைதான். ஜோடி என்று சொன்னால் கொங்கு நாட்டில் காளைதான், அதிலும் காங்கேயம் காளைதான். நான் பிறந்தது காங்கேயம் பக்கத்துக் கிராமம். சிங்காநல்லூருக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. திருச்சி ரோட்டு பஸ் சத்தத்துக்கு நடுவே எப்போதாவது சலங்கைச் சத்தம் காதில் விழுந்தால், அடுப்பைக்கூட அணைக்காமல் வாசலுக்கு ஓடுவேன்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் அந்த நிறம் போய்ச் சாம்பல் நிறம் வந்துவிடும். பொலிகாளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்து நிற்கும். கிளுவை வேலி கட்டிய கொறங்காட்டில், வெள்ளவேல மரத்து நிழலில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்கிற மாடு அது. காய்ந்த பூமிக்கு ஏற்ற உடம்பு. இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தை. குதிரை பார்க்க வேண்டுமென்றால் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை.

ஜோடி பார்ப்பது

எங்கள் அப்பாரு வண்டி மாடு பழக்குவதில் பேர் போனவர். சந்தையில் மாடு பார்த்தால் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் வாயைத் திறந்து பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே மட்டும் எட்டு. இரண்டு வயது தாண்டியதும் பால்பல் இரண்டு விழுந்து நிலைப்பல் இரண்டு முளைக்கும். பிறகு நாலு, ஆறு, எட்டு. இரண்டு பல் போட்ட பிறகுதான் அப்பாரு நுகத்தடியைக் கையில் எடுப்பார்.

அடுத்து உயரம். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்றால் நுகத்தடி சாய்ந்து, பாரம் முழுவதும் குட்டையின் கழுத்தில் இறங்கும். அதற்கும் அடுத்தது நடை. "ஒண்ணு ஓட்டம், ஒண்ணு தூக்கம்னா அது ஜோடி இல்ல அம்மணி, தண்டனை" என்பார்.

பழக்கும் முறை

முதல் பத்து நாளைக்கு வண்டியே கிடையாது. காலையும் மாலையும் முதுகைத் தேய்த்து, கழுத்தடியைத் தடவி, பேர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும்தான். மனிதன் கை தன் மேல் படுவதற்கு மாடு பயப்படக் கூடாது.

பிறகு நன்றாகப் பழகிய பெரிய மாட்டோடு இளங்காளையைச் சேர்த்து வெறும் நுகத்தடி. குதிரைக்கு மார்புப்பட்டையோ கழுத்துப்பட்டையோ வேண்டும். நம் மாட்டுக்குத் திமிலுக்கு முன்னால் நுகத்தடி தானாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். குதிரையை வாயில் மாட்டிய கடிவாளத்தால் திருப்பினால், மாட்டை மூக்கணாங்கயிற்றால் திருப்பவேண்டும்.

மூன்றாவது, ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுக்க விடுவது. பின்னால் ஏதோ தொடர்ந்து வருகிறதே என்ற பயம் அதில்தான் தெளியும். நாலாவது, வெறும் வண்டி. அதையும் ரோட்டில் ஓட்டமாட்டார், உழுத காட்டில்தான். புதைமண்ணில் மாடு மிரண்டாலும் வேகமாக ஓட முடியாது. கடைசியில்தான் மூட்டை, அதுவும் ஒன்றிரண்டாக.

இடத்து மாடு, வலத்து மாடு என்று பக்கமும் உண்டு. ஒரு பக்கம் பழகிய மாட்டை மறுபக்கம் பூட்டினால் தடுமாறும். இடப்பக்கம் வண்டி திரும்பும்போது இடத்து மாடு நிதானிக்க வேண்டும், வலத்து மாடு எட்டி நடக்க வேண்டும். இந்தச் சூட்சுமத்தைப் பெரிய மாடுதான் சின்னதுக்குக் கற்றுக் கொடுக்கும்.

இரண்டு சக்கர வண்டியில் இன்னொரு சங்கதி: மூட்டை அடுக்குவது. முன்பாரம் அதிகமானால் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு, பூட்டுக்கயிறு தொண்டையை இறுக்கும். மகன் காட்டிய நாலு சக்கர வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. வண்டியே பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது.

அந்தச் சித்திரை மாதம்

எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாரு ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். கட்டுத்தரையில் 'பெரியவன்' என்ற வண்டி மாடும், பழகி ஒரு மாதம்கூட ஆகாத 'சின்னவன்' என்ற இளங்காளையும் நின்றன. எங்கள் வீட்டு ஆள் ஒருவர், உச்சி வெயிலில், இரண்டையும் பூட்டி, எரு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் வேடிக்கை பார்க்கக் கூடவே நடந்தேன்.

மேட்டில் ஏறும்போது சின்னவன் நின்றுவிட்டான். வாயில் நுரை. அவர் சாட்டையை எடுத்தார். ஆனால் அடி யாருக்கு விழுந்தது தெரியுமா? பெரியவனுக்கு! சின்னவனை அடித்தால் உதைப்பான், அல்லது படுத்துக்கொள்வான். பெரியவன் அடித்தால் இழுப்பான். அதனால் இழுக்கிறவனுக்கே அடி மேல் அடி. பாவம், அந்த வாயில்லா ஜீவன் தன் பாரத்தையும் சின்னவன் பாரத்தையும் சேர்த்து மேடு ஏற்றிவிட்டது.

சாயங்காலம் பார்த்தால் அதன் கழுத்துத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அது ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பின் நுகத்தடியைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்ளும்.

ஊரிலிருந்து வந்த அப்பாரு யாரையும் திட்டவில்லை. புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னார்: "இழுக்காத மாட்டப் பாக்கறதுக்கு எல்லாருக்கும் கண்ணு இருக்குது அம்மணி. இழுக்கற மாட்டத்தான் ஒருத்தரும் பாக்கறதில்ல."

அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை.

சட்டமும் சுரங்கமும்

பிற்பாடு தெரிந்துகொண்டேன், இதற்கெல்லாம் சட்டமே இருக்கிறது. பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான மத்திய அரசின் 1965-ஆம் வருஷ விதிகளின்படி, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டவே கூடாது. மாட்டுக்கு மட்டுமல்ல, மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் இதே விதிதான்.

மட்டக்குதிரை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகன் காட்டியது ஷெட்லாண்ட் குதிரை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள தீவுகளில் தோன்றிய இனம். முழு வளர்ச்சியிலும் 107 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஒரு காலத்தில் பெண்களும் சின்னக் குழந்தைகளும் கரி வண்டி இழுத்தார்கள். 1842-இல் வந்த சட்டம், பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் சுரங்கத்தின் அடியில் வேலைக்கு விடக் கூடாது என்று தடுத்தது. அதன் பிறகு தாழ்ந்த சுரங்கப் பாதைகளில் அந்த வண்டிகளை இழுக்க இந்தக் குட்டிக் குதிரைகள் ஏராளமாகப் போயின. ஒரு கழுத்திலிருந்து இறங்கிய பாரம் இன்னொரு கழுத்தில் ஏறிற்று. படித்தபோது எனக்குப் பெரியவன்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டு நுகத்தடி

இதையெல்லாம் மகனுக்குச் சொல்லி முடித்தபோது, தோசைக்கல் பக்கத்தில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். சட்னி போட வந்தவள், எனக்குத் தெரியாமலேயே கரண்டியை வாங்கி மீதி மாவை வார்த்து முடித்திருந்தாள். கொடியில் பாதித் துணி அப்படியே ஈரமாகக் கிடந்தது.

எனக்குச் சுருக்கென்றது.

வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவள் அவள். அவளுக்கும் ஞாயிறு ஒன்றுதான். மகனிடம் ஒரு வேலை சொன்னால், "இதோம்மா" என்று பத்துத் தரம் சொல்வான். பெரியவள் ஒரே தரத்தில் செய்துவிடுவாள். அதனால் நானும் அவளையே கூப்பிடுவேன். ஒரு நாள் முகம் வாடி இருந்தால், "உனக்கென்ன வந்தது?" என்று அதட்டலும் அவளுக்குத்தான். அந்த மேட்டில் சாட்டை பிடித்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு குழந்தை பெற்ற தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் சொன்னதும் செய்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அதன் கழுத்தை ஒரு தரம் தடவிப் பாருங்கள்.

போகட்டும், ஆனால்...

மகனுக்கு இப்போது ஒரே ஆசை. ஊரில் என் அண்ணன் இரண்டு இளங்காளைகளைப் பழக்குகிறார். லீவுக்குப் போய்த் தானும் பழக்க வேண்டும். பிறகு ரேக்ளா ஓட்ட வேண்டும்! கொங்குப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ரேக்ளா ஓடுகிறார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு இதையும் நிறுத்தியது. 2017-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ரேக்ளா இருக்கட்டும், முதலில் மாட்டோடு பேசப் பழகு என்று சொல்லிவிட்டேன்.

போகிறவனுக்கு நான் விதித்த நிபந்தனைகளை, கட்டுத்தரைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறேன்:

மூக்கணாங்கயிற்றையோ தும்பையோ கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு மிரண்டால் கயிற்றோடு கையும் போகும்.

பின்பக்கமாகப் போய்ச் சட்டென்று தொடக் கூடாது. குரல் கொடுத்துவிட்டு, மாட்டின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் போக வேண்டும்.

வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். லாட ஆணி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இதற்கு ஊசி உண்டு. உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு நிபந்தனையும் போட்டேன். "ஜோடி பழக்கப் போறவன் மொதல்ல வீட்டு ஜோடியில சேரு கண்ணு. இனிமே ராத்திரி தோசை உன் பொறுப்பு."

முகத்தைச் சுளித்தான். என்னவர் செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, துணி உலத்தறது உங்க பொறுப்பு" என்றதும், செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது!

அன்று ராத்திரி மகன் வார்த்த முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது இலங்கைத் தீவு மாதிரி வந்தது. கரண்டியை வாங்கப் பெரியவள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சின்னவனும் முதல் நாள் நேராக நடக்கவில்லையே!