விதைநெல் காப்பவர் யார்?

போர் என்றவுடன் குண்டும் புகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் போரினால் முதலில் அணைவது வீட்டு அடுப்பு. வயல் தரிசாகிறது, கிணறு தூர்ந்து போகிறது, ஆடும் கோழியும் விதைநெல்லும் அழிகின்றன. போர் ஓய்ந்தாலும் பசி உடனே ஓய்வதில்லை. அந்தப் பசியைப் போக்குவதில் பெண்களுக்கு உள்ள பங்கை இங்கே காண்போம்.

நம் பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பதை நாம் அறிவோம். 1983-ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் பல்லாயிரம் பேர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். இலங்கையில் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. வன்னியில் ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் கணவர் இல்லை. பெண்ணே குடும்பத் தலைவி.

அவர்களுக்கு முதல் தடை, மண்ணில் புதைந்திருந்த கண்ணிவெடி. அதை அகற்றாமல் ஏர் பூட்ட இயலாது. முகமாலையில் ஹாலோ டிரஸ்ட் என்னும் அமைப்பில் பயிற்சி பெற்ற பெண்களும் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக நிலத்தைச் சோதித்து வெடிகளை எடுத்தனர்.

இரண்டாம் தடை, நில உரிமை. அரசு வழங்கும் காணிகளுக்கான 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்மக்களையே முன்வைத்தது. அது 2022-இல்தான் திருத்தப்பட்டது. பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்குக் கடன் கொடுப்பார் யார்?

பெரிய வயல் கைக்கு வரும்வரை வீட்டுத் தோட்டமே துணை. முருங்கை, பசளி, கத்தரி, நாலைந்து கோழிகள் போதும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போகும். குழந்தைக்குக் கீரையும் முட்டையும் கிடைக்கும். மிஞ்சியதை விற்ற காசு தாயின் கையிலேயே இருக்கும். நல்ல காய்களை முற்ற விட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தால் அடுத்த பட்டத்துக்குப் பிறரிடம் கையேந்த வேண்டாம். நிவாரண அரிசி அன்றைய பசியைத்தான் தீர்க்கும்; விதையோ ஆண்டு முழுவதற்கும் உதவும்.

நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் போர் இல்லை. ஆனால் வானம் பார்த்த பூமி நிறைய உண்டு. மழை பொய்த்தால் மக்காச்சோளமும் பருத்தியும் வாடும். வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போகும். இதற்கு மாற்றாக வந்தவையே மகளிர் சுய உதவிக் குழுக்கள். தமிழக அரசு 1989-இல் தருமபுரியில் இவற்றைத் தொடங்கியது. பின்னர் மகளிர் திட்டமாக எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சிறுகச் சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துக் கொள்கின்றனர், வங்கியும் உதவுகிறது. விதை வாங்க வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. அதே 1989-இல்தான் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தரும் சட்டம் தமிழகத்தில் வந்தது.

ஆயினும், நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்ணாக இருக்க, பட்டா பெரும்பாலும் ஆண் பெயரிலேயே உள்ளது. துன்பம் வந்தபின் பத்திரம் தேடி அலைவதைவிட, இன்றே பெண்ணின் பெயரையும் சேர்ப்பது நன்று. பெற்றோரே, இதைச் சிந்தியுங்கள். தோழியரே, நம் வீட்டு நிலம் யார் பெயரில் உள்ளது, அடுத்த பட்டத்துக்கான விதை எங்கே இருக்கிறது என்று இன்று மாலையே அம்மாவிடம் கேட்டு அறிவோம்.