முத்துப் பாரும் ஆடுகளமும்

நுழையும்முன்

பதினைந்து, பதினாறு அகவையினரின் விளையாட்டுத் திறனை அளந்து, வரிசைப்படுத்தி, நாட்டின் அணிக்குத் தேர்ந்தெடுப்பது எளிய செயலன்று. அத்தேர்வு எவ்வாறு நிகழ்கிறது? அதில் பிழை எங்கே நுழைகிறது? இவ்வினாக்களுக்குரிய விடையைத் தூத்துக்குடிக் கடற்கரையின் தொன்மைத் தொழிலொன்றின் துணையோடு தேடுகிறது இப்பாடம்.

முத்தை மதிப்பிட்ட முறை

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த தூத்துக்குடி, துறைமுகத்தாலும் முத்தாலும் பெயர்பெற்ற நகரம். அதன் தெற்கே தாமிரபரணியின் கழிமுகத்தை ஒட்டி விளங்கிய கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்தது. கடலடியில் முத்துச்சிப்பிகள் செறிந்து வளரும் திட்டுகளை இப்பகுதி மக்கள் 'பார்' என்று வழங்குவர்.

முத்துக்குளிப்பு எல்லா ஆண்டுகளிலும் நடைபெற்றதில்லை. பருவம் தொடங்குவதற்குப் பல திங்கள் முன்னரே பார்களை ஆய்வு செய்வர். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அவற்றிலிருந்து கிடைக்கும் முத்துகளை வல்லுநரைக் கொண்டு மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி எனக் கணக்கிடுவர். சிப்பிகள் இளையனவாக இருந்தால் பாரைத் தொடாமல் விட்டுவிடுவர். ஏனெனில், இளஞ்சிப்பியில் முத்து மிகச் சிறியதாக இருக்கும். காலம் கடத்தினாலோ சிப்பி இறந்து முத்தும் கடலோடு போய்விடும். ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்த சிப்பியே குளிப்புக்கு ஏற்றது எனக் கருதப்பட்டது.

கரை சேர்ந்த முத்துகளைத் தரம் பிரிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. துளைகளின் அளவால் வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்துகளை இட்டுச் சலிப்பர். இருபது துளைகள் கொண்ட சல்லடையில் தங்குவது மிகப் பெரியது; ஆயிரம் துளைகள் கொண்டதில் தங்குவது மிகச் சிறியது. ஆனால், சல்லடையோடு பணி முடிந்துவிடாது. ஒவ்வோர் அளவிலும் உருட்சி, ஒளி, மாசின்மை ஆகியவற்றைக் கண்ணால் நோக்கி மீண்டும் வகைப்படுத்துவர். வடிவும் ஒளியும் குறைவற அமைந்ததே 'ஆணிமுத்து'. பெரிய முத்தெல்லாம் ஆணிமுத்து ஆகிவிடுவதில்லை.

தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. அத்தொழில் மறைந்தாலும் அது விட்டுச்சென்ற மூன்று வினாக்கள் இன்றும் பயன்படுவன. எதை அளப்பது? எப்போது அளப்பது? எந்தப் பாரில் தேடுவது? இளம் கால்பந்து வீரரைத் தேர்ந்தெடுப்போரும் இம்மூன்று வினாக்களையே எதிர்கொள்கின்றனர்.

எதை அளப்பது?

ஓட்டத்தின் வேகத்தைக் கடிகாரத்தால் அளக்கலாம். உயரத்தையும் தாவும் திறனையும் அளவுகோலால் அளக்கலாம். எளிதில் அளக்கத்தக்கவை என்பதனாலேயே இவை தேர்வில் முன்னிடம் பெற்றுவிடுகின்றன. இவை கால்பந்தின் சல்லடைகள். ஆட்டத்தின் உயிர்நிலையோ வேறு பண்புகளிலும் இருக்கிறது.

நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகம் இளையோரை மதிப்பிட நுட்பம், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம் என்னும் நான்கு கூறுகளை வகுத்துக்கொண்டது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் நுட்பம், உடல், உளம், சமூகம் எனும் நான்கு மூலைகளைக் கொண்டு இளம் வீரரின் வளர்ச்சியைக் காண்கிறது. பந்தைத் தன்வயப்படுத்தும் முதல் தொடுகை, நுட்பத்தைக் காட்டும். பந்து தன்னிடம் வந்து சேருமுன்னரே தலையைத் திருப்பிச் சுற்றியிருப்போரின் நிலையை அறிந்துகொள்வது, ஆட்ட அறிவைக் காட்டும். பந்தை இழந்த மறுகணம் அவ்வீரர் என்ன செய்கிறார் என்பது ஆளுமையைக் காட்டும். ஆகவே, தேர்ந்த தேர்வாளர் பந்தை மட்டும் தொடர்ந்து நோக்குவதில்லை. பந்து இல்லாத வீரரையும் நோக்குகிறார்.

இக்கூறுகளுக்கு மதிப்பெண் இடும்போதும் கவனம் தேவை. கற்பனையாக இரு வீரர்களைக் கொள்வோம். ஒருவர் வேகத்தில் 9, நுட்பத்தில் 6, ஆட்ட அறிவில் 5, ஆளுமையில் 6 பெறுகிறார், மொத்தம் 26. மற்றவர் முறையே 5, 8, 8, 7 பெறுகிறார், மொத்தம் 28. இரண்டாமவரே முன்னிற்கிறார். இப்போது வேகத்திற்கு மட்டும் இரு மடங்கு மதிப்பளித்தால் முதலாமவர் 35, இரண்டாமவர் 33 எனக் கணக்கு மாறிவிடும். வீரர்கள் மாறவில்லை, அவர்கள் திறனும் மாறவில்லை, தேர்வாளர் எதனை முதன்மையாகக் கருதினார் என்பதே மாறிற்று. எந்தத் தரவரிசையைக் கண்டாலும் அதன் பின்னுள்ள இக்கருத்தை வினவுதல் அறிவுடைமை.

எப்போது அளப்பது?

இளையோர் போட்டிகளில் அகவை வரம்பு பெரும்பாலும் சனவரி முதல் நாளை எல்லையாகக் கொண்டு வகுக்கப்படுகிறது. எனவே, ஓராண்டின் சனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஆடுவர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு உண்டு. சிறு அகவையில் இது பெரிய வேறுபாடு. 1980களில் கனடாவின் பனிவளைகோற்பந்து வீரர்களின் பிறந்த நாள்களை ஆராய்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி, ஆண்டின் முதல் திங்கள்களில் பிறந்தோர் மிகுதியாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பின்னர்ப் பல நாடுகளின் இளையோர் கால்பந்திலும் இதே போக்குக் கண்டறியப்பட்டது. திறன் திங்களைப் பார்த்துப் பிறப்பதில்லை. முன்பிறந்தோரின் வளர்ச்சியே திறன் எனப் பிறழ உணரப்படுகிறது.

பிறந்த நாள் ஒன்றாயினும் உடல் வளர்ச்சி ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் பதின்மூன்றில் உயர்ந்துவிடுவார். மற்றவர் பதினாறில்தான் வளரத் தொடங்குவார். இதனை உணர்ந்த பெல்ஜியக் கால்பந்துச் சங்கம், மெல்ல வளரும் வீரர்களுக்கெனத் தனி இளையோர் அணிகளை அமைத்துள்ளது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பயிற்சியகங்களில் அகவையை விடுத்து உடல் வளர்ச்சியின் அடிப்படையில் சிறுவர்களைப் பிரித்து ஆடச்செய்யும் முறை சோதிக்கப்பட்டுள்ளது. அகவையைக் குறைத்துக் காட்டும் முறைகேட்டைத் தடுக்க, 2009ஆம் ஆண்டின் பதினேழு அகவைக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டு எலும்பைக் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுத்து நோக்கும் முறையை ஃபிஃபா கையாள்கிறது.

அளக்கும் காலம் தவறியதால் நேர்ந்தவற்றை வரலாறு காட்டுகிறது. 2018 சூலை 15 அன்று மாஸ்கோவில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. பிரான்சுக்காக அதில் கோல் அடித்தவர்களுள் ஒருவரான அந்துவான் கிரீஸ்மன், சிறுவனாக இருந்தபோது உயரம் போதாதெனத் தம் நாட்டுக் கழகங்களால் மறுக்கப்பட்டவர். ஸ்பெயினின் ரியல் சோசியதாத் அவரை ஏற்று வளர்த்தது. எதிரணியான குரோவேசியாவின் தலைவர் லூக்கா மோட்ரிச்சும் மெலிந்த உடலினர் என இளமையில் ஒதுக்கப்பட்டவரே. அத்தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்கே வழங்கப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. 1991இல் இத்தாலியில் நடைபெற்ற பதினேழு அகவைக்குட்பட்டோர் உலகப் போட்டியில் கானா வெற்றி பெற்றது. அதன் நீ லாம்ப்டி தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2004இல் பதினான்கு அகவையிலேயே அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியில் ஆடிய பிரெடி ஆடுவை உலகம் அடுத்த பெலே எனப் போற்றியது. இருவரும் பின்னாளில் அவ்வுயரத்தை எட்டவில்லை. முன்கூட்டிய புகழும் ஒருவகையில் இளஞ்சிப்பியைத் திறப்பது போன்றதே.

எந்தப் பாரில் தேடுவது?

2017 அக்டோபரில் பதினேழு அகவைக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடைபெற்றது. இந்தியா முதன்முறையாக ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் ஆடியது. அமெரிக்காவிடம் 0-3 என்றும், கொலம்பியாவிடம் 1-2 என்றும், கானாவிடம் 0-4 என்றும் தோற்றது. எனினும், தில்லியில் கொலம்பியாவுக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த மூலைப்பந்தைத் தலையால் முட்டி ஜீக்சன் சிங் கோலாக்கினார். உலகக் கோப்பையில் இந்தியா பெற்ற முதல் கோல் அதுவே.

அந்த ஜீக்சன், அணிக்காகத் தொடக்கத்தில் திரட்டப்பட்டோருள் இடம்பெறாதவர். மினர்வா பயிற்சியகத்தில் ஆடிவந்த அவர், பயிற்சி ஆட்டமொன்றில் மினர்வா அணி தேசிய இளையோர் அணியை வீழ்த்திய பின்னரே சேர்த்துக்கொள்ளப்பட்டார். முதற்பட்டியலே முடிந்த பட்டியல் எனத் தேர்வாளர்கள் கருதியிருந்தால் அந்தக் கோல் நிகழ்ந்திராது. ஜீக்சன், அமர்ஜித் சிங், சுரேஷ் சிங், ரஹீம் அலி, அன்வர் அலி முதலியோர் பின்னர் மூத்தோர் அணிக்கும் ஆடினர். எஞ்சியோருள் பலர் அந்நிலையை எட்டவில்லை.

அவ்வணியின் இருபத்தொருவருள் எண்மர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். மக்கள்தொகையில் மிகச் சிறிய அம்மாநிலம் இத்தனை வீரர்களை அளித்ததற்குக் காரணம், அங்கே கால்பந்து ஊர்தோறும் வேரூன்றியிருப்பதும் தேர்வாளர்கள் அங்கே தேடிச் சென்றதும் ஆகும். ஆட்டம் வேரூன்றியும் தேடுவோர் அரிதாகவே வரும் இடங்களும் உண்டு. தமிழகத்தின் தென்கடற்கரை அத்தகையது. குமரி மாவட்டத்தின் தூத்தூர் முதலிய மீனவர் சிற்றூர்களில் மணலே ஆடுகளம். மாலைதோறும் அங்கே பந்து உருள்கிறது. அக்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் போட்டிகளில் ஆடித் தம்மை மெய்ப்பித்தபின், 2019இல் தாய்லாந்தின் கிங்ஸ் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு. பதினாறில் எழுதப்பட்ட எந்தப் பட்டியலும் அவர் ஆற்றலுக்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை.

மகளிர் கால்பந்திலும் கடற்கரையின் பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக ஆடியவர். 2018இல் தமிழக மகளிர் அணி, பலமுறை வாகை சூடிய மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வென்று தேசியக் கோப்பையைக் கைப்பற்றியது. தூத்துக்குடியின் தருவை மைதானத்திலும் கடலோரச் சிற்றூர்களின் மணற்பரப்பிலும் ஆடும் சிறுமியரையும் சிறுவரையும் ஒருநாள் தேர்வு முகாமில் மட்டும் கண்டு முடிவெடுத்தல் போதாது. நள்ளிரவில் தந்தையோடு வலை இழுத்துவிட்டு வந்தவர் காலை முகாமில் தளர்ந்திருக்கலாம். பேருந்துச் செலவுக்கு வழியற்றவர் முகாமுக்கே வராமற் போகலாம். வராதவரைப் பற்றி மதிப்பெண் தாளில் ஒரு வரியும் இராது.

முத்துக்கும் மாந்தர்க்கும் உள்ள வேறுபாடு

முத்தையும் வீரரையும் இதுவரை ஒப்புநோக்கினோம். ஒப்புமை முடியும் இடத்தையும் அறிதல் வேண்டும். முத்தை மதிப்பிடுவோரின் சொல் முத்தை மாற்றாது. மதிப்பிடப்படும் இளைஞரோ அச்சொல்லைக் கேட்கிறார்; அதனால் மாறுகிறார். தேர்வு பெற்றவருக்கு நல்ல பயிற்றுநர், சத்தான உணவு, தரமான ஆடுகளம், வலிய எதிரணி ஆகியவை கிடைக்கின்றன. தேர்வு பெறாதவருக்கு அவை கிடைப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து இருவரையும் ஒப்பிட்டால் முன்னவர் மேம்பட்டிருப்பார். "எம் கணிப்பு சரியாயிற்று" எனத் தேர்வாளர் மகிழ்வார். ஆனால், அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத் தோற்றுவித்தது அக்கணிப்பே.

இதனால் தரவரிசையே வேண்டா என்பது பொருளன்று. அணிக்கு இடங்கள் சில, ஆடுவோர் பலர், தெரிவு தவிர்க்க இயலாதது. ஆட்களைத் தெரிதலின் அருமையை உணர்ந்தே வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என அடுத்தடுத்து இரு அதிகாரங்கள் வகுத்தார். தெரிவைச் செம்மைப்படுத்த வழிகள் உள. ஒருவர் கண்ணை மட்டும் நம்பாமல் பலர் தனித்தனியே மதிப்பிடலாம். ஒரு நாளுக்கு மாறாகப் பல ஆட்டங்களில் நோக்கலாம். பிறந்த திங்களையும் வளர்ச்சி நிலையையும் மதிப்பெண்ணோடு குறித்துவைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, இன்று இடம்பெறாதவரை அடுத்த ஆண்டும் காண வாயிலைத் திறந்து வைக்கலாம்.

பாரில் ஆய்வு செய்தோர், இளஞ்சிப்பியைப் பயனற்றது என எறிந்துவிடவில்லை. 'இன்னும் காலம் ஆகவில்லை' என்று குறித்துக்கொண்டு மீண்டும் அந்தப் பாருக்குச் சென்றனர். பட்டியலில் பெயர் இல்லாத ஓர் இளையவருக்கு நாம் சொல்லத்தக்கதும், நாம் செய்யத்தக்கதும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி விளையாட்டு அணி ஒன்றின் வீரர்கள் பிறந்த திங்கள்களைத் திரட்டி அட்டவணைப்படுத்துக. ஆண்டின் முற்பகுதியில் பிறந்தோர் மிகுதியாக உள்ளனரா என ஆராய்க.

2. ஒரே ஆட்டத்தை மூவர் தனித்தனியே நோக்கி, ஒரு வீரருக்கு நான்கு கூறுகளில் மதிப்பெண் இடுக. மூவர் மதிப்பெண்களும் வேறுபடும் இடங்களைக் கண்டு காரணம் கூறுக.

3. 'தேர்வு பெறாதவருக்குக் கிடைக்க வேண்டிய மறுவாய்ப்பு' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.