பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?

ஒரே ஒரு கேள்விதான். ஆனா, அனிமேஷன் படிக்கிற, படிக்க ஆசைப்படுற ஒவ்வொருத்தரும் ஹாஸ்டல் சுவரில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய கேள்வி!

1986, ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரம். ‘சிக்கிராஃப்’ என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாடு. கில்லாடி புரோகிராமர்கள் எல்லாம் ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்க, திரையில் ஒரு குட்டிப் படம் ஓடுகிறது. நீளம் சுமார் 2 நிமிஷம். கேரக்டர்கள்? இரண்டே இரண்டு டேபிள் லேம்ப்!

பெரிய விளக்கு பார்த்துக்கொண்டே இருக்க, குட்டி விளக்கு ஒரு பந்தோடு விளையாடுகிறது. பந்து மேலேயே ஏறிக் குதிக்கிறது. ‘புஸ்’ஸென்று காற்று இறங்கிவிடுகிறது. குட்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போகிறது. கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரிய பந்தைத் துரத்திக்கொண்டு திரும்பவும் ஆஜர்! பெரிய விளக்கு தலையை ஆட்டுகிறது. கதை அவ்வளவுதான். படம் முடிவதற்குள்ளேயே ஹாலில் கைதட்டல்.

படத்தின் பெயர் ‘லக்ஸோ ஜூனியர்’. இயக்கியவர் ஜான் லாசெட்டர். அந்த வருஷம்தான் தனிக் கம்பெனியாகியிருந்த பிக்ஸாரின் முதல் படம் இது. இன்றைக்கும் பிக்ஸார் படம் ஆரம்பிக்கும்போது, துள்ளித் துள்ளி வந்து ‘ஐ’ எழுத்தை மிதித்து அமுக்குமே ஒரு விளக்கு... அந்தக் குட்டியேதான்!

படம் முடிந்ததும் லாசெட்டரைத் தேடி வந்தார் ஜிம் பிளின். கிராஃபிக்ஸ் உலகின் பெரிய தலை. நாசாவின் வாயேஜர் விண்கலம் கிரகங்களைக் கடந்துபோவதைக் கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டியவர். லாசெட்டருக்கு உள்ளுக்குள் உதறல். அந்தப் படத்தில் ஒரு விளக்கின் வெளிச்சத்தில் இன்னொரு விளக்கின் நிழல் சரியாக விழும். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. ‘போச்சுடா, நிழலுக்கு என்ன ஃபார்முலான்னு கேக்கப்போறார்’ என்று நினைத்தாராம். ஆனால் பிளின் கேட்டது, அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா என்று!

லாசெட்டரே பிற்பாடு பல தடவை சொன்ன சம்பவம் இது. கணக்கிலேயே ஊறின ஒரு மனுஷர், கணக்கை மறந்துட்டு ஒரு குடும்பத்தைப் பார்த்துட்டார். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை, ஒரு வரி வசனம் இல்லை. இரும்புத் தண்டும் ஸ்பிரிங்கும் எப்படி அம்மா, அப்பா ஆச்சு?

பல்பு வளராது!

விஸ்காம் படிக்கிற எங்களை மாதிரி ஆட்களுக்கு ‘கிரியேட்டிவிட்டி’ என்ற வார்த்தை காலை டிபன் மாதிரி. தினமும் காதில் விழும். ஆனா, அது எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஆளாளுக்கு வானத்தைக் காட்டுவார்கள். லாசெட்டர் காட்டியது ஒரு குழந்தையை! கூட வேலை பார்த்தவரின் கைக்குழந்தையைப் பார்த்தபோது, பெரியவங்களை அப்படியே சுருக்கினா குழந்தை வராது என்பது அவருக்குப் பிடிபட்டது. குழந்தைக்கு உடம்போடு பார்க்கையில் தலை பெரிசு, கை கால் குட்டை.

இதை விளக்குக்கும் பொருத்தினார். தண்டுகளைக் குட்டையாக்கினார். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது, தடிமன் குறையவில்லை. பல்பு மட்டும் அதே பெரிய விளக்கின் சைஸ். ஏன்னா, பல்பு கடையில் வாங்கி மாட்டுற சமாசாரம். அது எப்படி வளரும்? என்னா லாஜிக் பாருங்க!

கற்பனை என்று நாம் கைதட்டுகிற விஷயத்துக்கு அடியில் இருந்தது ஒரு பார்வை. குழந்தையை எல்லாரும் கொஞ்சுவோம். அவர் அளந்து பார்த்தார்.

நடுவுலதான் கதை இருக்கு

கொஞ்சம் டெக்னிக்கல் பேசிடலாம். சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படியும் செகண்டுக்கு 12 படம். 5 நிமிஷப் படத்துக்கு 3,600 படம்! இதைக் கேட்டதும் பாதிப் பேர் ‘மச்சான், நான் போட்டோகிராஃபி எடுத்துக்கிறேன்’ என்று எஸ்கேப் ஆகிவிடுவார்கள்.

மிச்சப் பேருக்கு ஒரு மேஜிக் காத்திருக்கு. இரண்டு படம் வரையுங்கள். முதல் படத்தில் ஒருத்தன் இடதுபக்கம் பார்க்கிறான். இரண்டாவதில் வலதுபக்கம். இரண்டுக்கும் நடுவில் எதுவுமே வரையாமல் ஓட்டினால், யாரோ ‘பளார்’ என்று அறைந்த மாதிரி இருக்கும். நடுவில் நாலு படம் சேருங்கள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்புகிறான். பத்து, பதினைந்து சேருங்கள். பக்கத்து டிபார்ட்மென்ட் பொண்ணு நடந்துபோகிறாள்! முதல் படமும் கடைசிப் படமும் மாறவே இல்லை. ஆனால் ஆளுடைய மனசு மாறிவிட்டது. இதுக்குப் பெயர்தான் ‘டைமிங்’.

டிஸ்னியில் பல வருஷம் படம் வரைந்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-ல் வெளியிட்ட புத்தகத்தில் அனிமேஷனின் 12 அடிப்படை விதிகளைத் தொகுத்துக் கொடுத்தார்கள். டைமிங் அதில் ஒன்று. இன்றுவரை உலகம் முழுக்க அனிமேஷன் கிளாஸில் அதுதான் பாலபாடம். முதல் அசைன்மென்ட்டும் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு பந்து துள்ள வேண்டும். அதே வட்டம் ரப்பர் பந்தாகவும் தெரியணும், இரும்புக் குண்டாகவும் தெரியணும். வட்டத்தில் வித்தியாசம் கிடையாது. விழுகிற, எழும்புகிற விதத்தில்தான் கனம் தெரியும்.

டீக்கடையே ஃபிலிம் ஸ்கூல்!

அந்த 12 விதிகளை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிடலாம். ஆனா, அவை நம்ம தெருவிலேயே நடமாடிக்கிட்டு இருக்குங்க!

டீ மாஸ்டர் ஆற்றுவதைப் பாருங்கள். மேலே போகிற கை நேர்க்கோட்டில் போகாது, வில் மாதிரி வளையும். விதிகளில் ‘ஆர்க்’ என்பது அதுதான். பவுண்டரியில் இருந்து பந்தை எறிகிறவன் முதலில் கையைப் பின்னால் இழுப்பான். முன்னால் போக வேண்டிய எதுவும் முதலில் பின்னால் போகும். அது ‘ஆன்டிசிபேஷன்’. டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் அடிக்கிறார். உடம்பு முன்னால் சாய்கிறது, ஒரு கணம் கழித்துத் தலை, அதுக்கப்புறம் தோள்பை, எல்லாரும் நிமிர்ந்த பிறகும் ஒரு பொண்ணோட பின்னல் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. அது ‘ஃபாலோ த்ரூ’. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் அது மனுஷ உடம்பு இல்லை, மரக்கட்டை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் அக்காக்களை கவனித்திருக்கிறீர்களா? இடுப்பில் காலிக்குடம் இருக்கும்போது நடை ஒரு மாதிரி. நிறைகுடம் ஏறினதும் இடுப்பு ஒருபக்கம் தள்ளும், தோள் எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கிற கை தானாக விலகி நிற்கும். குடத்துக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. நடையே சொல்லிடும். இந்த நடையைச் சரியாக வரையத் தெரிந்தவருக்கு, வசனம் இல்லாமல் ஒரு கதையை ஆரம்பிக்கத் தெரியும்.

தீப்பெட்டிக்குள் ஒரு உலகம்

‘இதெல்லாம் ஓகே பாஸ், ஆனா படம் எடுக்கப் பெரிய ஸ்டுடியோ வேணுமே?’ என்ற கேள்விக்கு இரண்டு பூனைகள் பதில் சொல்கின்றன!

முதல் பூனை மும்பைப் பூனை. கீதாஞ்சலி ராவ் 2006-ல் முடித்த ‘பிரின்டட் ரெயின்போ’ படத்தில் ஒரு வயசான அம்மா, துணைக்கு ஒரு பூனை, கையில் தீப்பெட்டிக் கலெக்‌ஷன். பாட்டியின் தனிமை சாம்பல் நிறத்தில். தீப்பெட்டி மேல் இருக்கிற படங்களுக்குள் அவங்க நுழைஞ்சதும் கலர் கொட்டும்! ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் தீட்டிய 15 நிமிஷப் படம். கான் விழாவின் ‘கிரிட்டிக்ஸ் வீக்’ பிரிவில் 3 விருதுகளை அள்ளியது. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் தயாராகிற தீப்பெட்டியை நாம் எத்தனை தடவை கையில் எடுத்திருப்போம்? குச்சியை உரசினதும் தூக்கிப் போட்டோம். அவர் அதன் மேலே இருந்த படத்தைப் பார்த்தார்.

இரண்டாவது பூனை லாட்வியாவில் பிறந்தது. சென்னை ஜனத்தொகையில் பாதிகூட இல்லாத நாடு அது. அங்கே கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் என்ற இளைஞர், ‘அவே’ என்ற முழுநீள அனிமேஷன் படத்தைத் தன்னந்தனியாக எடுத்து 2019-ல் வெளியிட்டார். அடுத்து ஒரு சின்ன டீமோடு, 2024-ல் ‘ஃப்ளோ’. ஊரையே வெள்ளம் விழுங்க, ஒரு கறுப்புப் பூனையும் நாயும் இன்னும் சில பிராணிகளும் ஒரே படகில். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. எடுத்தது ‘பிளெண்டர்’ சாஃப்ட்வேரில். உங்க லேப்டாப்பில் இலவசமாக டவுன்லோடு பண்ணிக்கொள்ளலாமே, அதே பிளெண்டர்! 2025 மார்ச்சில் பிக்ஸாரின் ‘இன்சைட் அவுட் 2’, ட்ரீம்வொர்க்ஸின் ‘தி வைல்டு ரோபோட்’ ஆகிய ஜாம்பவான்களைத் தள்ளிவிட்டு ஆஸ்கரைத் தூக்கியது அந்தப் பூனை. லாட்வியாவுக்கு அதுதான் முதல் ஆஸ்கர்.

வசதி குறைந்தால் யோசனை கூடும் என்பதற்கு ஜப்பானும் சாட்சி. 1963-ல் ஒசாமு தெசூகா ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரை வாராவாரம் டி.வி-க்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பணம் கம்மி, டைம் அதைவிடக் கம்மி. படங்களின் எண்ணிக்கையை வெட்டினார். வாய் மட்டும் அசையும், உடம்பு நிற்கும். ஒரு தடவை வரைந்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். சிக்கனத்துக்காகச் செய்த அதே விஷயங்கள்தான், பிறகு உலகமே கொண்டாடுகிற ‘அனிமே’ ஸ்டைலின் அடையாளமாச்சு.

மெஷின் வரைய ஆரம்பிச்சா?

இப்போ எங்க கேன்டீனில் தினமும் ஓடுகிற டாபிக்குக்கு வருவோம். ஒரு வரி டைப் பண்ணினால் சில செகண்ட் வீடியோவை ஏ.ஐ. துப்பிவிடுகிறது. அப்புறம் நாம எதுக்கு? லோன் போட்டு ஃபீஸ் கட்டின அப்பாவுக்கு என்ன பதில்?

‘பயப்படாதே’ என்று சும்மா முதுகில் தட்டிக்கொடுக்க நான் தயாரில்லை. நம்ம ஊர் ஸ்டுடியோக்களில் பெரும்பகுதி வேலை வெளிநாட்டுப் படங்களுக்கான அவுட்சோர்ஸிங். யாரோ யோசித்த ஹீரோவைச் சுற்றி நாம் கோடு வரைவோம், யாரோ எடுத்த ஷாட்டில் ரோப் கயிற்றை அழிப்போம். புதுசாக வேலைக்குச் சேருகிறவர்கள் கை பழகுவதே அந்த இடத்தில்தான். மெஷின் முதலில் கை வைக்கிறதும் அங்கேதான்.

இத்தனைக்கும் நமக்குத் திறமைப் பஞ்சம் கிடையாது. இந்தியாவின் முதல் முழுநீள 3டி அனிமேஷன் படமான ‘பாண்டவாஸ் - தி ஃபைவ் வாரியர்ஸ்’ 2000-ல் வந்தது. தயாரித்தது மும்பைக் கம்பெனி இல்லை, சென்னையின் பென்டாமீடியா! தேசிய விருதும் வாங்கியது. கை நம்மிடம் எப்பவோ இருந்தது. சொந்தமாக ஒரு கதையைப் பார்த்துச் சொல்கிற கண்ணை நாம் எவ்வளவு வளர்த்தோம் என்பதுதான் கேள்வி.

குடம் தூக்கிப்போகும் ஒரு பாட்டியை ஏ.ஐ-யிடம் கேளுங்கள். ஜோராகக் கொடுக்கும். ஆனா, குடம் பாதி நிறைஞ்சதும் குழாய் நின்னுடுச்சா? வீட்டில் யாருக்குத் தண்ணி? வழியில் பாட்டி ஏன் ஒரு வீட்டு வாசலில் மட்டும் நடையைக் குறைக்கிறாங்க? இதையெல்லாம் முடிவு பண்ண, அந்தத் தெருவில் நின்று பார்த்த ஒருத்தர் வேண்டும். சாஃப்ட்வேர் மட்டும் கத்துக்கிட்டவங்க, அடுத்த வெர்ஷன் வந்ததும் பழைய ஆள் ஆகிடுவாங்க. பார்க்கக் கத்துக்கிட்டவங்களுக்கு வெர்ஷன் மாறினா கவலை இல்லை. கருவிதான் புதுசு.

இந்த வாரம் ட்ரை பண்ணுங்க!

* 40 பக்க நோட்டு ஒன்று. ஓரத்தில் பந்து வரைந்து ஃபிளிப்புக் பண்ணுங்கள். முதலில் ரப்பர் பந்து, அப்புறம் இரும்புக் குண்டு.

* ஒரே ஆளைப் பத்து நிமிஷம் கவனியுங்கள். கண்டக்டர், பரோட்டா மாஸ்டர், செக்யூரிட்டி தாத்தா... யாராக இருந்தாலும் சரி. முகத்தை விட்டுவிட்டு, கனம் உடம்பில் எங்கே விழுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

* பிடித்த படத்தின் ஒரு சீனை மியூட்டில் பாருங்கள். சத்தம் இல்லாமலும் கதை புரிகிறதா? புரிந்தால், எந்த ஷாட் புரியவைத்தது?

* முகம் இல்லாத ஒரு பொருளை எடுங்கள். செருப்பு, குடை, டிபன் பாக்ஸ், எதுவும் ஓகே. அதைக் கோபப்படுத்துங்கள். பத்தே செகண்ட் போதும்.

கடைசியா ஒண்ணு. நாளைக்குக் காலேஜ் போகும்போது டிரைவர் சடன் பிரேக் போட்டா, அவரைத் திட்டுறதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க. யாரோட பின்னல் கடைசியா நிக்குதுன்னு பாருங்க. அனிமேஷனுக்காக மட்டும்தான், சரியா?