கொசுவலையும் குடலிறக்கமும்

பரமத்திவேலூர்ப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். கொசுவலைக்குப் பேர்போன அந்த ஊரின் வலை குடலிறக்க ஆய்வுகள் வரை போயிருக்கிறது. வயிற்றுச் சுவர் பலவீனப்பட்ட இடத்தில் குடல் பிதுங்குவதுதான் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. நாமக்கல்லில் லோடு ஏற்றுபவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிதுங்கியதை உள்ளே தள்ளி, அந்த இடத்தில் உள்ளங்கையளவு வலை வைத்துத் தைப்பார்கள். சதை வலைக்கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே கம்பெனிகள் விற்கும் வலையின் வேலையைக் கொசுவலை செய்யுமா? மகாராஷ்டிராவின் தொண்டைச்சாவைச் சேர்ந்த டாக்டர் டோங்காவ்கர் குழுவினர் கொசுவலை வைத்துத் தைத்த 359 குடலிறக்கங்களின் முடிவுகளை 2003இல் வெளியிட்டார்கள். நல்ல முடிவுகள்தான். ஆனால் கம்பெனி வலை வைத்திருந்தால் அதே ஆட்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. கைராசிக்கார டாக்டர், திடமான நோயாளி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

அதற்கான விடை கிழக்கு உகாண்டாவிலிருந்து 2016இல் வந்தது. 302 ஆண்களுக்கு எந்த வலை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். தனக்கு எது வைக்கப்பட்டது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டில் கொசுவலைப் பிரிவில் ஒருவருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்தது, கம்பெனி வலைப் பிரிவில் யாருக்கும் இல்லை. சிக்கல்கள் முறையே 30.8, 29.7 சதவீதம். விலைதான் வேறு: கொசுவலை ஒரு டாலர், கம்பெனி வலை 125 டாலர். ஒன்றுக்குப் பூஜ்யம் என்பதால் கொசுவலை மட்டம் என்று சொல்ல முடியாது. இரண்டும் சமம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது: வேறுபாடு 2.6 சதவீதப் புள்ளிவரை இருக்க இந்த எண்ணிக்கை இடம்தருகிறது. அந்த அளவு இடைவெளியை ஏற்கலாம் என்பது என் கணிப்பு. வலை வாங்க வழியின்றி வெறுமனே தைத்தால் திரும்ப வரும் வாய்ப்பு இதைவிட அதிகம்.

ஏழைக்கென்று இரண்டாந்தரமா என்ற கேள்வி நியாயமானது. சோதிக்காமல் வைத்தால்தான் அது இரண்டாந்தரம். ஓராண்டு போதுமா என்ற கேள்வி இன்னும் கனமானது. பத்து வருடம் கழித்து வரும் வலியை உகாண்டாக் கணக்கு காட்டாது. கடைவீதியில் வாங்கி வெட்டுகிற சங்கதியும் அல்ல இது. பூச்சிமருந்து தோய்க்காத வலை வேண்டும். 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்க வேண்டும். 134 டிகிரிக்கு ஏற்றினால் வலையின் பாலிஎத்திலீன் உருகிவிடும். இந்தியாவில் உடம்புக்குள் வைக்கும் வலைக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமம் தேவை. ஒரு டாலர் பொருளுக்கு உரிமம் வாங்கும் செலவைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் ஆசை வராது. செய்வதானால் அரசுதான் செய்ய வேண்டும்.